பாதியில் நின்றுபோகும் நொதித்தல்

பார்லி மால்ட்டை வெந்நீரில் ஊறவைத்து வடித்து, ஹாப்ஸ் போட்டுக் கொதிக்கவைத்து ஆறவைத்த இனிப்புச் சாற்றுக்கு வோர்ட் என்று பெயர். நொதிக்கத் தொடங்கும்போது அதன் ஒப்படர்த்தி 1.050 என்றால், பியராகி முடியும்போது 1.010க்கும் 1.014க்கும் இடையே வந்து நிற்க வேண்டும். சர்க்கரை கரைந்த நீர் வெறும் தண்ணீரைவிட அடர்த்தி கூடியது. ஆல்கஹால் தண்ணீரைவிட அடர்த்தி குறைந்தது. ஆகவே ஈஸ்ட் சர்க்கரையை ஆல்கஹாலாக மாற்ற மாற்ற, சாற்றில் மிதக்கும் ஹைட்ரோமீட்டர் நாளுக்கு நாள் தாழ்ந்துகொண்டே போகும். சாதாரண ஏல் வகை பியரில் இந்த இறக்கத்தின் பெரும்பகுதி மூன்று முதல் ஐந்து நாளில் நடந்துவிடுகிறது. சில வாளிகளில் மட்டும், நான்காம் நாள் 1.020 வரை இறங்கிய அளவு பத்தாம் நாளும் அங்கேயே நிற்கும். மேலே நுரை அடங்கியிருக்கும். வாயு வெளியேற மூடியில் பொருத்திய ஏர்லாக்கில் குமிழி வராது. ருசித்துப் பார்த்தால் நாக்கில் இனிப்பு ஒட்டும்.

வீட்டில் பியர் காய்ச்சும் பழக்கம் சட்டத்தின் பிடியிலிருந்து விடுபட்டதிலிருந்தே இந்தச் சிக்கல் பேசப்பட்டு வருகிறது. பிரிட்டனில் 1880 முதல் தேவைப்பட்ட உரிமம் 1963இல் நீக்கப்பட்டது. அமெரிக்காவில் 1978இல் ஜிம்மி கார்ட்டர் கையெழுத்திட்ட சட்டம் அடுத்த ஆண்டு நடைமுறைக்கு வந்தது. அப்போது டின்களில் கிடைத்த மால்ட் பாகையும் சமையல் சர்க்கரையையும் கலந்து, டின் மூடியோடு வந்த சிறு பொட்டல ஈஸ்ட்டைத் தூவிக் காய்ச்சியவர்களே அதிகம். பாதியில் நின்ற வாளிகளும் அக்காலத்தில் ஏராளம். கருவிகளும் ஈஸ்ட்டும் இன்று எவ்வளவோ மேம்பட்டுவிட்டன. ஆனாலும் புதிதாகக் காய்ச்சத் தொடங்கும் ஒவ்வொருவரும் ஒருமுறையாவது இதைச் சந்திக்கிறார்கள்.

1.020 என்ற ஒரே அளவுக்குப் பின்னால் முற்றிலும் வேறான இரண்டு நிலைகள் இருக்கக்கூடும். ஒன்று, ஈஸ்ட்டால் உண்ணக்கூடிய சர்க்கரை சாற்றில் இன்னும் மிச்சமிருக்கிறது, ஆனால் ஈஸ்ட் களைத்தோ உறங்கியோ போய்விட்டது. மற்றொன்று, உண்ணக்கூடியதை எல்லாம் ஈஸ்ட் உண்டு முடித்துவிட்டது. மிச்சமிருப்பது அதற்கு உணவே அல்ல. முதலாவது ஈஸ்ட்டின் சிக்கல், இரண்டாவது வோர்ட்டின் சிக்கல். முதலாவதற்குச் சொல்லப்படும் வைத்தியம் எதுவும் இரண்டாவதில் பலிக்காது. நின்றுபோன பியரைக் காப்பாற்ற எடுக்கும் முயற்சிகள் வீணாவது பெரும்பாலும் இந்தக் கேள்வியைக் கேட்காமலேயே கைக்குக் கிடைத்த மருந்தைப் போடுவதால்தான்.

அளவு உண்மைதானா?

இரண்டுக்கும் முன்னால் ஒரு கேள்வி இருக்கிறது: நொதித்தல் உண்மையிலேயே நின்றிருக்கிறதா? ஏர்லாக்கில் குமிழி வராததை இதற்குச் சான்றாகக் கொள்ளக்கூடாது. பிளாஸ்டிக் வாளியின் மூடி மயிரிழை அளவு சரியாகப் பொருந்தாவிட்டாலும் கார்பன் டைஆக்சைடு அந்த வழியாகப் போய்விடும்; உள்ளே நொதித்தல் மும்முரமாக நடக்கும்போதே ஏர்லாக் அசையாமல் இருக்கும். மறுபுறம், எப்போதோ முடிந்துவிட்ட பியர்கூட அறை சற்றுச் சூடானால் தன்னுள் கரைந்திருந்த வாயுவை வெளியே விட்டுக் குமிழிகளைக் காட்டும். நம்பக்கூடியது ஒப்படர்த்தி ஒன்றுதான். அதையும் இரண்டு மூன்று நாள் இடைவெளியில் மறுபடி அளந்து, மாற்றமே இல்லை என்று தெரிந்த பிறகே நின்றுவிட்டது என்ற முடிவுக்கு வரலாம்.

ஹைட்ரோமீட்டரும் தவறாகக் காட்டும். பெரும்பாலானவை 20 டிகிரி செல்சியஸுக்கு அளவீடு செய்யப்பட்டவை. சில பழையவை 15.6 டிகிரிக்கு. அதே வெப்பநிலையில் உள்ள வெறும் தண்ணீரில் மிதக்கவிட்டால் 1.000 காட்ட வேண்டும். உள்ளே சுருட்டி வைத்த காகித அளவுகோல் நழுவியிருந்தால் 1.003 என்றோ 0.998 என்றோ காட்டும்; அந்த வித்தியாசத்தைக் கழித்தோ கூட்டியோ கொள்ளலாம். நொதிக்கும் பியரிலிருந்து எடுத்த மாதிரியில் வாயுக் குமிழிகள் கருவியின் உடலில் ஒட்டிக்கொண்டு அதை மேலே தூக்கும். மாதிரியை இரண்டு குவளைகளுக்கு இடையே சில முறை ஆற்றி வாயுவைப் போக்கி, கருவியை விரலால் ஒரு சுழற்று சுழற்றிவிட்டுப் படித்தால் இந்தப் பிழை நீங்கும்.

புதியவர்களை மிக அதிகமாக ஏமாற்றும் கருவி ரிஃப்ராக்டோமீட்டர். இரண்டு சொட்டு போதும், நொடியில் அளவு கிடைக்கும் என்பதால் பலரும் அதை விரும்புகிறார்கள். அது ஒளி எவ்வளவு வளைகிறது என்பதைக் கொண்டு சர்க்கரையைக் கணிக்கிறது. வோர்ட்டில் அந்தக் கணிப்பு சரி. ஆல்கஹால் உருவான பிறகு அது பொய்த்துவிடுகிறது, ஏனென்றால் ஆல்கஹாலும் ஒளியைத் தண்ணீரைவிட அதிகமாக வளைக்கும். 12.4 பிரிக்ஸில் தொடங்கிய வோர்ட், அதாவது 1.050, நொதித்து முடிந்த பின் கருவியில் 6.5 பிரிக்ஸ் காட்டுவதாகக் கொள்வோம். பட்டியலைப் பார்த்து நேராக மாற்றினால் 1.026 என்று வரும். பியர் பாதியில் நின்றுவிட்டது என்ற பீதி எழும். ஆல்கஹாலுக்கான திருத்தத்தைச் செய்தால் உண்மையான அளவு ஏறத்தாழ 1.013. அந்தப் பியருக்கு ஒரு குறையும் இல்லை, முடிந்துவிட்டது.

ஈஸ்ட்டுக்கு எது உணவு?

வோர்ட்டில் உள்ளது ஒரே சர்க்கரை அல்ல. மால்ட்டின் மாவுச்சத்து, குளூக்கோஸ் அலகுகள் நீளமாகக் கோத்த சங்கிலி. ஊறவைக்கும் கட்டத்தில் அதை நொதிகள் வெட்டுகின்றன. ஓர் அலகாக வெட்டுப்பட்டால் குளூக்கோஸ், இரண்டாக வந்தால் மால்டோஸ், மூன்றாக வந்தால் மால்டோட்ரையோஸ், அதற்கும் நீளமாக எஞ்சினால் டெக்ஸ்ட்ரின். மால்ட் வோர்ட்டில் பாதியளவு மால்டோஸ். மால்டோட்ரையோஸ் சுமார் 15 சதவீதம். டெக்ஸ்ட்ரின்கள் நான்கில் ஒரு பங்கு வரை இருக்கும்; அவற்றைச் சாதாரண பியர் ஈஸ்ட் தொடுவதே இல்லை. பியரின் உடல்கனம் அவற்றிலிருந்துதான் வருகிறது.

ஈஸ்ட் இவற்றை ஒரே நேரத்தில் உண்பதில்லை. முதலில் குளூக்கோஸ் தீரும். அது நிறைய இருக்கும்வரை மால்டோஸை உள்ளே இழுக்கும் புரதங்களை உருவாக்கும் ஜீன்களை ஈஸ்ட் அடக்கியே வைத்திருக்கும். குளூக்கோஸ் குறைந்த பிறகே மால்டோஸின் முறை. மால்டோட்ரையோஸ் கடைசியில் வரும், அதுவும் எல்லா ஈஸ்ட் ரகங்களுக்கும் அல்ல. கடைகளில் உலர் வடிவில் கிடைக்கும் 'வின்ட்சர்' என்ற ஆங்கில ஏல் ரகத்தால் மால்டோட்ரையோஸை உண்ணவே முடியாது. அதைப் போட்டவரின் வாளி 1.018இலோ 1.020இலோ நிற்பது கோளாறு அல்ல, அந்த ரகத்தின் இயல்பு. இனிப்பும் கனமும் வேண்டும் என்று தெரிந்தே அதைத் தேர்ந்தெடுக்கிறவர்கள் உண்டு. பொட்டலத்தில் எழுதியிருப்பதைப் படிக்காமல் வாங்கியவருக்குத்தான் அது நின்றுபோன பியராகத் தெரிகிறது.

எவ்வளவு சர்க்கரை உண்ணப்பட்டது என்பதைச் சதவீதமாகச் சொல்வது வழக்கம். தொடக்க அளவில் 1.000க்கு மேல் உள்ள புள்ளிகளில் எத்தனை இறங்கின என்று பார்க்க வேண்டும். 50 புள்ளியிலிருந்து 12க்கு வந்தால் 38 புள்ளி இறக்கம், அதாவது 76 சதவீதம். 20இல் நின்றால் 60 சதவீதம். பெரும்பாலான ஏல் ரகங்களுக்கு 70 முதல் 80 சதவீதம் இயல்பு என்பதால், 60 என்ற எண் ஐயத்தை எழுப்ப வேண்டிய எண்தான்.

ஈஸ்ட் ரகம் சரியாக இருந்தும் 60இல் நின்றால் அடுத்து மால்ட்டை ஊறவைத்த வெப்பநிலையைப் பார்க்க வேண்டும். சங்கிலியின் நுனியிலிருந்து இரண்டிரண்டு அலகாக வெட்டி மால்டோஸ் தரும் பீட்டா அமைலேஸ் 60 முதல் 65 டிகிரியில் நன்றாக வேலை செய்யும். 70ஐ நெருங்கினால் சில நிமிடங்களிலேயே சிதைந்துவிடும். ஆல்ஃபா அமைலேஸ் அந்தச் சூட்டையும் தாங்கும், ஆனால் அது சங்கிலியை நடுவில் கண்ட இடத்தில் வெட்டுவதால் டெக்ஸ்ட்ரின்களே அதிகம் எஞ்சும். ஆகவே 66 டிகிரி என்று எண்ணிக்கொண்டு உண்மையில் 70இல் ஊறவைத்தவரின் வோர்ட், ஈஸ்ட் சேர்வதற்கு முன்பே பாதி பூட்டப்பட்ட வோர்ட். நான்கு டிகிரி தவறாகக் காட்டும் சமையலறை வெப்பமானி அரிதான பொருள் அல்ல. உருகும் பனிக்கட்டி நீரில் 0, கடல்மட்டத்தில் கொதிநீரில் 100 என்று இரண்டு இடத்தில் சோதித்துப் பார்த்தால் அது அகப்பட்டுவிடும்.

தானியத்தை ஊறவைக்காமல் மால்ட் பாகிலிருந்தோ பொடியிலிருந்தோ காய்ச்சுகிறவர்களுக்கு இந்த வெப்பநிலை அவர்கள் கையில் இல்லை. ஆலையில் எப்போதோ முடிவாகிவிட்டது. சில பாகுகளில், குறிப்பாகக் கருநிறமானவற்றில், ஈஸ்ட் உண்ணாத பங்கு அதிகம். அமெரிக்க வீட்டுக் காய்ச்சலாளர்கள் நெடுங்காலமாக '1.020 சாபம்' என்று சொல்லிவந்தது பெரும்பாலும் இதைத்தான். மில்க் ஸ்டவுட்டில் சேர்க்கும் லாக்டோஸும் அப்படியே. பியர் ஈஸ்ட் அதை உண்ணாது என்பதால் எவ்வளவு லாக்டோஸ் சேர்த்தோமோ அதற்கேற்ற புள்ளிகள் இறுதிவரை மிச்சம் நிற்கும்.

குடுவைச் சோதனை

ஈஸ்ட்டின் சிக்கலா, வோர்ட்டின் சிக்கலா என்பதை ஊகிக்கத் தேவையில்லை. இரண்டு நாளில் சோதித்து அறியலாம். ஆலைகளில் தினசரி செய்யும் சோதனைதான் இது, வீட்டுக்கு ஏற்ற சிறு வடிவில்.

நின்ற பியரிலிருந்து கால் லிட்டர் அளவு, கிருமி நீக்கிய கண்ணாடிக் குடுவையில் எடுத்துக்கொள்ள வேண்டும். அதில் தேவைக்குப் பல மடங்கு அதிகமாக, ஒரு தேக்கரண்டி நிறைய, புதிய உலர் ஈஸ்ட் போட்டு வாயை அலுமினியத் தாளால் தளர மூடி, 25 முதல் 27 டிகிரி வெப்பமுள்ள இடத்தில் வைக்க வேண்டும். போகும்போதும் வரும்போதும் குடுவையைச் சுழற்றிவிட்டால் ஈஸ்ட் அடியில் தங்காது. இப்படி நொதித்த பியர் குடிப்பதற்கு உகந்ததல்ல. சூட்டில் வேண்டாத வாசனைகள் எல்லாம் வந்திருக்கும். அது எந்த எண் வரை இறங்குகிறது என்பது மட்டுமே வேண்டும். இரண்டு நாள் கழித்து, ஈஸ்ட் அடியில் படிந்த பின் மேலே தெளிந்ததை அளந்தால் விடை கிடைக்கும். குடுவையில் 1.012க்கு இறங்கி, வாளியில் 1.020இல் நின்றால் சர்க்கரை இருக்கிறது, வாளியிலுள்ள ஈஸ்ட்தான் நின்றுவிட்டது. குடுவையிலும் 1.020 என்றால் வோர்ட் அவ்வளவுதான். வாளியைச் சூடாக்கினாலும் கலக்கினாலும் ஒரு புள்ளிகூட இறங்கப் போவதில்லை.

குடுவையில் போடுவது வாளியில் போட்ட அதே ரகமாக இருப்பது அவசியம். வாளியில் வின்ட்சரும் குடுவையில் நன்றாக உண்ணும் வேறொரு ரகமும் இருந்தால், ரகத்தின் எல்லையையும் ஈஸ்ட்டின் சோர்வையும் பிரித்தறிய முடியாமல் போகும். இரண்டு குடுவை வைத்து, ஒன்றில் அதே ரகமும் மற்றதில் வேறொன்றும் போடுவது இன்னும் நல்லது. இந்தச் சோதனைக்கு ஆகும் செலவு ஒரு பொட்டல ஈஸ்ட். எந்த வைத்தியத்துக்கும் முன்னால் இதைச் செய்வதே முறை.

ஈஸ்ட் ஏன் நிற்கிறது?

நிற்பதற்கான காரணங்களில் மிகச் சாதாரணமானது குளிர். ஏல் ஈஸ்ட்டுக்கு ஏற்றது 18 முதல் 22 டிகிரி. நொதித்தல் வெப்பம் தரும் வினை. வேகமாக நடக்கும் நாட்களில் வாளியின் உட்புறம் அறையைவிட மூன்று நான்கு டிகிரி கூடுதலாக இருக்கும். 15 டிகிரி அறையில் வைத்த வாளி முதல் மூன்று நாள் 19 டிகிரியில் செழிப்பாகப் பொங்குவதால், இடம் சரியில்லை என்று யாருக்கும் தோன்றாது. சர்க்கரை குறைந்து வேகம் தணியும்போது அந்தச் சொந்தச் சூடும் போய்விடுகிறது. மால்டோட்ரையோஸை உண்ண வேண்டிய, இருப்பதிலேயே கடினமான கடைசிக் கட்டத்தில் வாளி 15க்கு இறங்குகிறது. ஈஸ்ட் வேலையை நிறுத்திவிட்டு அடியில் படிந்துவிடும். இங்கிலாந்தின் மார்கழிக் குளிரில், இரவில் அடுப்பு அணைந்த அறைகளில் நின்றுபோகும் வாளிகளுக்கு இதுவே காரணம். சரியான பழக்கம் இதற்கு நேர்மாறானது: தொடக்கத்தில் சற்றுக் குளிர்ச்சியாக வைத்து, வேகம் தணியத் தொடங்கும்போது இரண்டு மூன்று டிகிரி ஏற்ற வேண்டும்.

அடியில் படிவது தனியே பார்க்க வேண்டிய விஷயம். ஈஸ்ட் செல்களின் மேற்பரப்பில் உள்ள சில புரதங்கள், கால்சியத்தின் துணையோடு, பக்கத்துச் செல்லின் சுவரிலுள்ள மானோஸ் சர்க்கரைகளைப் பற்றிக்கொள்கின்றன. அப்படிப் பற்றிப் பற்றிச் செல்கள் கட்டியாகத் திரண்டு கீழே இறங்கும். சாற்றில் சர்க்கரை நிறைய இருக்கும்வரை அந்தச் சர்க்கரை மூலக்கூறுகளே புரதங்களின் பிடியை நிரப்பிவிடுவதால் செல்கள் ஒன்றையொன்று பற்ற முடியாது. சர்க்கரை குறையக் குறையத் திரள்வது தொடங்கும். தெளிந்த பியர் வேண்டும் என்பதற்காகத் தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்தெடுக்கப்பட்ட ஆங்கில ரகங்கள் சில, இந்தக் குணத்தை அளவுக்கு மீறிப் பெற்றிருக்கின்றன. வேலை முடிவதற்கு முன்பே அவை தயிர்க்கட்டி போலத் திரண்டு படிந்துவிடும்.

யார்க்‌ஷயரின் ஆலைகள் இதற்கென்றே ஒரு கலத்தை உருவாக்கின. 'யார்க்‌ஷயர் ஸ்கொயர்' எனப்படும் அந்தக் கலம், சிலேட்டுக் கற்பலகைகளால் ஆன இரண்டடுக்குச் சதுரத் தொட்டி. நுரையும் ஈஸ்ட்டும் நடுவிலுள்ள துளை வழியே மேல் அடுக்குக்கு ஏறும். கீழேயுள்ள பியரை அவ்வப்போது பம்ப் மூலம் மேலே எடுத்து அந்த ஈஸ்ட்டின் மீது பாய்ச்சி, மீண்டும் உள்ளே விடுவார்கள். டாட்காஸ்டர் ஊரிலுள்ள சாமுவேல் ஸ்மித் ஆலை இன்றும் சிலேட்டு ஸ்கொயர்களில்தான் நொதிக்கவைக்கிறது. அந்தப் பம்ப் செய்யும் வேலையை வீட்டில் செய்ய, மூடியைத் திறக்காமல் வாளியை மெல்லச் சாய்த்துச் சுழற்றினாலே போதும்.

ஈஸ்ட்டின் எண்ணிக்கை குறைவாக இருப்பதும் முக்கியமான காரணம். ஏலுக்கு, சாற்றின் சர்க்கரைச் செறிவைக் குறிக்கும் ஒவ்வொரு டிகிரி பிளேட்டோவுக்கும் மில்லிலிட்டருக்கு 7.5 லட்சம் உயிருள்ள செல்கள் வேண்டும் என்பது பரவலாக ஏற்கப்பட்ட கணக்கு; குளிரில் நொதிக்கும் லாகருக்கு இதைப்போல இரு மடங்கு. 1.050 என்பது 12.4 பிளேட்டோ. 20 லிட்டர் வாளிக்குக் கணக்கிட்டால் 18,600 கோடி செல்கள் தேவை. திரவ ஈஸ்ட் பை ஒன்றில் ஆலையிலிருந்து வெளிவரும்போது இருப்பது 10,000 கோடி அளவு. மாதங்கள் செல்லச் செல்ல அதில் பெரும்பங்கு இறந்துவிடும். மூன்று மாதப் பழைய பையை நேராக ஊற்றியவர், தேவையில் மூன்றில் ஒரு பங்கைக்கூட ஊற்றவில்லை என்றே கொள்ள வேண்டும்.

ஆக்சிஜன் இல்லாமல்

குறைவாகப் போட்டால் என்ன, அது பெருகிக்கொள்ளாதா என்ற கேள்வி நியாயமானது. பெருகும், ஆனால் அதற்கு ஆக்சிஜன் வேண்டும். நொதித்தல் என்பது காற்றில்லா வாழ்க்கை என்று பாஸ்டர் நிறுவியிருந்ததால், ஈஸ்ட்டுக்கு ஆக்சிஜனே தேவையில்லை என்ற எண்ணம் எளிதில் எழும். சர்க்கரையை ஆல்கஹாலாக்க அது தேவையில்லைதான். செல்லின் சவ்வைக் கட்டத் தேவை. சவ்வின் நெகிழ்ச்சிக்கு எர்கோஸ்டெரால் என்ற ஸ்டெராலும் நிறைவுறாக் கொழுப்பு அமிலங்களும் அவசியம். இரண்டையும் தயாரிக்கும் வேதிப்பாதைகளில் மூலக்கூறு ஆக்சிஜன் இல்லாமல் நகர முடியாத படிகள் இருக்கின்றன. 1953, 1954 ஆண்டுகளில் ஆண்ட்ரியாசன், ஸ்டியர் என்ற இரு ஆய்வாளர்கள் இதைத் தெளிவாக்கினார்கள். ஆக்சிஜன் அறவே இல்லாத சூழலில் ஈஸ்ட் வளர மறுத்தது; எர்கோஸ்டெராலையும் நிறைவுறாக் கொழுப்பு அமிலத்தையும் வெளியிலிருந்து கொடுத்தபோது வளர்ந்தது.

இதன் விளைவு வாளியில் பல நாள் தாமதமாகத்தான் தெரியும். வோர்ட் கொதிக்கும்போது அதில் கரைந்திருந்த ஆக்சிஜன் ஏறத்தாழ முழுவதும் வெளியேறிவிடுகிறது. ஆறிய பின் நன்றாகக் குலுக்கியோ உயரத்திலிருந்து ஊற்றியோ காற்றூட்டினால் லிட்டருக்கு 8 மில்லிகிராம் வரை மறுபடி கரையும்; ஈஸ்ட்டுக்குத் தேவை 8 முதல் 10. கிடைத்ததை ஈஸ்ட் சில மணி நேரத்திலேயே இழுத்துக்கொண்டு ஸ்டெராலாகச் சேமிக்கிறது. அதற்குப் பிறகு புதிதாக எதுவும் தயாராகாது. ஒவ்வொரு முறை செல் இரண்டாகும்போதும் தாயின் கையிருப்பு இருவருக்கும் பாதிப் பாதியாகப் பிரியும். மூன்று நான்கு தலைமுறைக்குப் பின் கையிருப்பு பிரிக்க முடியாத அளவுக்குச் சுருங்கிவிடும், பெருக்கம் நின்றுவிடும். அதைவிட மோசம், அப்படிப் பிறந்த கடைசித் தலைமுறையின் சவ்வு பலவீனமானது. ஆல்கஹால் ஏறும்போது அது தாங்காது. குறைவான ஈஸ்ட்டும் குறைவான காற்றும் ஒன்றாகச் சேர்ந்த வாளி, முதல் மூன்று நாள் குறையின்றிப் பொங்கிவிட்டு நான்காம் நாள் நின்றுபோவது இதனால்தான்.

உலர் ஈஸ்ட் இந்த விதிக்கு விலக்கு. ஆலையில் ஏராளமான காற்றோட்டத்தில் வளர்த்து, ஸ்டெரால் நிறையச் சேமித்த நிலையில் உலர்த்துவதால், முதல் முறை பயன்படுத்தும்போது வோர்ட்டுக்குக் காற்றூட்டாவிட்டாலும் அது தன் வேலையை முடித்துவிடும். 11.5 கிராம் பொட்டலம் ஒன்று 20 லிட்டர் சாதாரண ஏலுக்குப் போதும். திரவ ஈஸ்ட்டின் ரகவளம் அதற்கு இல்லை என்பது உண்மை. ஆனால் புதியவர் தொடங்க வேண்டிய இடம் உலர் ஈஸ்ட்தான்.

சத்துக் குறைபாட்டைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். முழு மால்ட் வோர்ட்டில் ஈஸ்ட்டுக்குத் தேவையான நைட்ரஜன் தாராளமாக உண்டு. சர்க்கரையோ தேனோ பெரும்பங்காகச் சேர்த்தால் அது நீர்த்துவிடும். ஆல்கஹாலை உருவாக்கும் கடைசி நொதிக்குத் துத்தநாகம் வேண்டும். லிட்டருக்குச் சில பத்தில் ஒரு மில்லிகிராம் போதும் என்றாலும், வடிகட்டிய தானியச் சக்கையோடு அது பெரும்பாலும் போய்விடுகிறது. கொதி முடியும் நேரத்தில் ஈஸ்ட் சத்துப்பொடி ஒரு சிட்டிகை சேர்ப்பது இதற்குத் தீர்வு. கிருமித்தொற்று என்பது பலர் முதலில் அஞ்சுவது, ஆனால் நின்றுபோவதற்கு அது காரணமாவது அரிது. வீட்டு வாளியில் தொற்று ஏற்பட்டால் ஒப்படர்த்தி நிற்காமல் வேண்டிய இடத்துக்கும் கீழே இறங்கிக்கொண்டே போவதுதான் வழக்கம்.

மீட்கும் வழிகள்

குடுவைச் சோதனை ஈஸ்ட்டைக் கைகாட்டினால், முதலில் செய்ய வேண்டியது வாளியை 21 முதல் 23 டிகிரிக்குச் சூடாக்கி, மூடியபடியே சுழற்றிப் படிந்த ஈஸ்ட்டை எழுப்புவது. நாளைக்கு இரண்டு முறை சுழற்றி நான்கைந்து நாள் பொறுக்க வேண்டும். குளிராலோ முன்கூட்டித் திரண்டதாலோ நின்ற வாளிகளில் பெரும்பாலானவை இதிலேயே மறுபடி நகரத் தொடங்கும். இந்தக் கட்டத்தில் காற்றூட்டக் கூடாது. தொடக்கத்தில் மருந்தான ஆக்சிஜன் இப்போது கெடுதல். பியரில் ஈரமான அட்டையின் வாசனை வருவதற்கு அது வழிவகுக்கும்.

அசையாவிட்டால் புதிய ஈஸ்ட். உலர் பொட்டலத்தைக் கிழித்து நேராகத் தூவுவது பரவலான பழக்கம்; பலன் தருவது குறைவு. நின்ற பியர் புதிய செல்லுக்கு உகந்த இடமே அல்ல. நான்கு சதவீதம் ஆல்கஹால், புளிப்பான சூழல், ஆக்சிஜன் இல்லை, எளிதில் உண்ணும் குளூக்கோஸ் இல்லை. அதற்குப் பதிலாக 1.040 அளவுள்ள ஒரு லிட்டர் மால்ட் வோர்ட்டைத் தனியே தயாரித்து, காற்றூட்டி, ஈஸ்ட்டை அதில் போட்டு, நுரை உச்சத்தில் பொங்கும் நேரத்தில் முழுவதையும் வாளியில் ஊற்ற வேண்டும். உண்ணும் வேகத்தில் இருக்கும் செல்கள் அந்த வேகத்திலேயே மிச்சத்தையும் உண்டுவிடும். இந்தத் துணை வோர்ட்டைச் சமையல் சர்க்கரையில் தயாரிப்பது தவறு. எளிய சர்க்கரையிலேயே வளர்ந்த ஈஸ்ட், மால்டோஸை உள்ளே எடுக்கும் ஏற்பாடு இல்லாமலேயே வாளிக்குள் வந்து சேரும். ஜெர்மானிய ஆலைகள், மும்முரமாக நொதித்துக்கொண்டிருக்கும் இளம் பியரை முதிர்ந்த பியரில் சேர்க்கும் 'கிராய்சன்' முறையில் நெடுங்காலமாகச் செய்துவருவதும் இதைத்தான்.

ஷாம்பெய்ன் ஈஸ்ட் போடச் சொல்லும் யோசனை பல பழைய கையேடுகளில் இருக்கிறது. ஆல்கஹாலைத் தாங்கும் திறன் அதற்கு அதிகம் என்பது சரி. ஆனால் திராட்சைச் சாற்றில் இருப்பது குளூக்கோஸும் ஃபிரக்டோஸும். அங்கே வளர்ந்த அந்த ரகங்கள் பொதுவாக மால்டோட்ரையோஸை உண்பதில்லை. நின்ற பியரில் மிச்சமிருப்பதோ பெரும்பாலும் அதுதான். போதாததற்கு, அவற்றில் பல மற்ற ரகங்களைக் கொல்லும் நச்சுப் புரதத்தைச் சுரப்பவை. வாளியில் உயிரோடிருந்த ஏல் ஈஸ்ட்டும் அதோடு போய்விடும்.

வோர்ட்டே காரணம் என்றால் பெரும்பாலும் அதை அப்படியே ஏற்றுக்கொள்வது நல்லது. குளூக்கோஅமைலேஸ் என்ற நொதியைச் சேர்த்தால் டெக்ஸ்ட்ரின்கள் குளூக்கோஸாகச் சிதைந்து, ஈஸ்ட் மறுபடி உண்ணத் தொடங்கும். ஆனால் விரும்பிய இடத்தில் அது நிற்காது, 1.000க்கோ அதற்கும் கீழோ போய், பியர் நீர்த்த ருசியோடு முடியும். 2017 வாக்கில் சான் பிரான்சிஸ்கோவில் தோன்றிய புரூட் ஐபிஏ அந்த வறட்சியை வேண்டியே உருவாக்கப்பட்ட வகை. ஆங்கில பிட்டர் காய்ச்ச முனைந்தவருக்கு அது ஒத்துவராது. சற்று இனிப்பான, கனமான பியராக அதைக் குடிப்பதோ, வறண்ட வேறொரு பியரோடு கலப்பதோ மேல்.

பெல்ஜியத்தின் எயினோ மாகாணத்தில் தூர்ப் என்ற ஊரிலுள்ள துய்போன் ஆலையின் சேசான் ஈஸ்ட் இந்த விதிகளுக்குள் எளிதில் அடங்காது. வீட்டு வாளிகளில் அது விரைவாகத் தொடங்கி 1.030 அருகில் நின்றுவிடுவதற்குப் பேர்போனது. குளிர்ந்த இடத்தில் அது வாரக்கணக்கில் அசையாது. 30 டிகிரிக்கு மேல் சூடாக்கினால், மற்ற ஏல் ஈஸ்ட்டுகள் கெட்டுப்போகும் அந்தச் சூட்டில், பொறுமையாக 1.010க்கும் கீழே இறங்கிவிடும். ஏர்லாக் ஏற்படுத்தும் சிறு அழுத்தத்தைக்கூட அது பொறுப்பதில்லை என்று கருதி, முதல் சில நாள் வாயை அலுமினியத் தாளால் மட்டும் மூடிவைக்கிறவர்கள் பலர். அதைப் பயன்படுத்துகிறவர் முதலிலேயே வெப்பத்துக்கு ஏற்பாடு செய்துகொள்ள வேண்டும்.

புட்டியில் அடைப்பது

நின்ற பியரைப் பொறுமையிழந்து புட்டியில் அடைப்பதுதான் இதில் உண்மையான ஆபத்து. புட்டி பியரில் வாயு ஏற்ற, லிட்டருக்குச் சில கிராம் சர்க்கரை சேர்த்து மூடுவது வழக்கம். புட்டிக்குள் நடக்கும் சிறு நொதித்தல் கார்பன் டைஆக்சைடைத் தரும். பியரின் பருமனைப் போல 2.4 மடங்கு பருமனுள்ள வாயு கரைந்திருப்பது சாதாரண ஏலுக்குச் சரியான அளவு. மூடிய புட்டிக்குள் ஒப்படர்த்தி ஒரு புள்ளி இறங்கினால் சுமார் அரை மடங்கு வாயு கூடும். 1.020இல் நின்ற பியரை அடைத்து, எடுத்துச்சென்ற அசைவிலும் அலமாரியின் வெதுவெதுப்பிலும் ஈஸ்ட் விழித்துக்கொண்டு 1.012 வரை இறங்கினால் எட்டுப் புள்ளி. நான்கு மடங்கு வாயு. முன்பு சேர்த்த 2.4ஓடு அது 6.4. அறை வெப்பநிலையில் இது ஷாம்பெய்ன் புட்டிக்குள் இருக்கும் அழுத்தத்துக்குக் குறையாதது. ஷாம்பெய்ன் கண்ணாடி அந்த அழுத்தத்துக்காகவே தடிமனாக வார்க்கப்படுகிறது. பியர் புட்டி மூன்று மடங்கு வாயுவுக்கு மேல் நம்பத்தக்கதல்ல. வெடிக்கும் புட்டியின் சில்லுகள் கண்ணையும் கையையும் கிழித்த நிகழ்வுகள் உண்டு.

எஸ்டிஏ1 என்ற ஜீனைக் கொண்ட 'டயஸ்டாட்டிக்கஸ்' ரகங்கள் இன்னொரு வகை ஆபத்து. அவை தாமே குளூக்கோஅமைலேஸைச் சுரந்து டெக்ஸ்ட்ரின்களையும் மெதுவாக உண்ணும். சேசான் காய்ச்சிய வாளியைச் சரியாகக் கழுவாமல் அடுத்த பியருக்குப் பயன்படுத்தினால், அந்தப் பியர் முடிந்த இடத்தில் முடிந்ததாக இருக்காது. புட்டிக்குள் வாரக்கணக்கில் இறங்கிக்கொண்டே இருக்கும். கீறல் விழுந்த பிளாஸ்டிக் வாளியில் இவை எளிதில் தங்கிவிடும் என்பதால், அத்தகைய ரகங்களுக்குத் தனி வாளி வைத்துக்கொள்வது பாதுகாப்பு.

காரணம் தெரியாமலேயே நின்றுவிட்ட பியரைப் புட்டியில் அடைக்காமல், அழுத்தத்தை வெளியேற்றும் வால்வுள்ள எஃகுக் கெக்கில் நிரப்பிக் குளிர்சாதனப் பெட்டியில் வைத்துக் குடிக்கலாம். கெக் இல்லாதவர், குடுவைச் சோதனையில் கிடைத்த எண்ணும் வாளியின் எண்ணும் இரண்டு புள்ளிக்குள் நெருங்கும்வரை புட்டியைத் தொடக்கூடாது. அப்படியும் முன்னதாக அடைத்துவிட்டவர்கள், புட்டிகளை ஒரு மூடியுள்ள பெட்டிக்குள் வைத்துக் குளிரூட்ட வேண்டும். குளிரில் ஈஸ்ட்டும் நிற்கும், அழுத்தமும் தணியும். நன்றாகக் குளிர்ந்த பின், தடித்த கையுறையும் கண்ணாடியும் அணிந்து ஒவ்வொரு மூடியாகத் தளர்த்தி வாயுவை விட்டுவிட்டு மறுபடி மூடலாம்.